கோயில் முன்னால் இறக்கி வைத்த பெட்டி

போன வாரம் ஒரு காரில் ஐந்து பேர் விழுப்புரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் தாம்பாளம். தாம்பாளத்தில் வாழைப்பழம், ஆப்பிள், மேலே மடித்த சால்வை. முன்னால் நின்றவனுக்கு நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். நல்ல வாய்.

“ஐயா, எங்க ஊர்ல லெப்டினன்ட் ஏழுமலை நினைவு வளைவு கட்டியிருக்கோம். அவருகூட மிலிட்டரில இருந்தவருன்னா இந்தப் பக்கத்துல நீங்க ஒருத்தருதான். நீங்க வந்து நாலு வார்த்தை பேசுனாதான் விழாவுக்கே மரியாத.”

“வளைவு எங்க கட்டியிருக்கீங்க?”

“அம்மன் கோயில் தெரு முகப்புலதாங்க.”

“நீ யாரு புள்ள?”

அப்பா பெயரைச் சொன்னான். அந்த ஊரின் பழைய நாட்டாமை. சால்வையை நான் வாங்கவில்லை. காப்பி கொடுத்தேன். வீடு தேடி வந்தவனைக் காப்பி கொடுக்காமல் அனுப்புகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. அவர்கள் கிளம்பும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அந்தக் கேள்வி புரிய வேண்டுமென்றால், ஏழுமலை யார், அந்தத் தெருவில் என்ன நடந்தது என்று முதலில் சொல்ல வேண்டும்.

ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன். திண்டிவனத்துக்குக் கிழக்கே என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பயந்துகொண்டு மறைக்கவில்லை. பெயரைச் சொன்னால் சுற்றுவட்டாரத்தில் இருக்கிற மற்ற ஊர்க்காரர்களெல்லாம் “அந்த ஊரு அப்படித்தாங்க” என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போய்விடுவார்கள். அந்த நிம்மதியை நான் கொடுக்க மாட்டேன்.

நான் கெடார்க்காரன். சொந்த நிலம், கிணறு, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, கேப்பை என்று வாழ்ந்த குடும்பம். ஊர்த்தெருவில் பிறந்தவன். விழுப்புரத்தில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டில் சொல்லாமல் பஸ் ஏறிப் போய் நெஞ்சை விரித்துக் காட்டினேன், எடுத்துக்கொண்டார்கள். பயிற்சியில் அடி வாங்கினேன், இந்தி கற்றேன், சப்பாத்தி தின்னக் கற்றேன். எண்பதுகளின் நடுவில், ஹவில்தாராக ஒரு பனிமலைச் சாவடியில் இருந்தபோதுதான் ஏழுமலை எங்கள் அதிகாரியாக வந்து சேர்ந்தார். மீசை சரியாக முளைக்காத முகம். பரங்கிமலையில் பயிற்சி முடித்து வந்த சூடு ஆறவில்லை. வடக்கத்தி அதிகாரிகள் வாயில் அவர் பெயர் நுழையவே நுழையாது. “யெலு, யெலு” என்பார்கள்.

வந்த அன்றே என் ஊரைக் கேட்டார். சொன்னேன். தமிழுக்கு மாறிவிட்டார்.

“அட, நம்ம பக்கம். நான் திண்டிவனத்தாண்ட.”

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அடுத்த கேள்வி நாக்கு நுனியில் இருக்கும். ஊர்ப் பெயர் கேட்டதும் தெருவைக் கேட்போம். நானும் கேட்டேன். “ஊருலயா சாப், இல்ல...”

“காலனி,” என்றார். “கேக்க வேண்டியத கேட்டுட்டீங்க இல்ல? இப்ப ரைஃபிள எடுங்க. தொடச்சி வெச்சிருக்கீங்களான்னு பாக்கலாம்.”

துடைத்து வைத்திருக்கவில்லை. அன்றைக்கு வாங்கின திட்டு இன்னும் ஞாபகம் இருக்கிறது. திட்டும்போதும் “வாங்க, போங்க” தான்.

அந்த உயரத்தில் எதிரி ஒரு பக்கம் இருக்கட்டும், முதல் எதிரி குளிர். கால் விரலில் ரத்தம் நின்றுவிட்டால் விரல் கறுத்துவிடும், அப்புறம் வெட்டி எடுக்க வேண்டியதுதான். அதனால் தினமும் சாயங்காலம் கால் பார்க்கிற வேலை உண்டு. பூட்சையும் காலுறையையும் கழற்றிவிட்டு வரிசையாக உட்கார வேண்டும். ஒவ்வொரு விரல் நகத்தையும் அழுத்திப் பார்ப்பார்கள். அழுத்தினால் வெளுக்கும். விட்டதும் சிவப்பு திரும்பி வந்தால் சரி. வெள்ளையாகவே நின்றால் ஆபத்து. பல அதிகாரிகள் டார்ச்சை அடித்து “டீக் ஹை, டீக் ஹை”, எல்லாம் சரி, என்று நடந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். ஏழுமலை மண்டி போட்டு உட்கார்ந்து, எங்கள் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டுதான் பார்ப்பார். கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் தேய்ப்பார்.

முதல் நாள் என் காலைப் பிடித்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

“இன்னா, கூச்சமா?”

“நீங்க ஆபீசரு சாப்.”

“அதான் புடிக்கிறேன். இந்தக் காலு பூட்டுச்சின்னா உங்கள முதுகுல தூக்கிக்கினு எறங்கப்போறது யாரு? நான்தான். என் முதுக நான் காப்பாத்திக்கிறேன், உடுங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கெடாரில் காலனியிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் எங்கள் வீட்டு வாசலோடு நின்றுகொள்வார்கள். தண்ணீர் கேட்டால் குனிந்த கையில் உயரத்திலிருந்து ஊற்றுவோம். அந்தக் கையைப் போன்ற ஒரு கை என் காலைப் பிடித்துக்கொண்டு சூடு வந்ததா என்று கேட்கிறது.

கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு. தேநீர்க் குவளையில் அழுக்கு இருந்தால் சமையல்காரர் முன்னால் தானே கழுவிக் காட்டுவார். அந்த அவமானத்துக்குப் பயந்தே குவளைகள் பளபளக்கும். சாப்பாட்டில் கடைசித் தட்டு அவருடையது. ஆள் பற்றவில்லை என்றால் காவலுக்குத் தானே நிற்பார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது என்னை “அண்ணே” என்பார். மற்றவர்கள் முன்னால் “ஹவில்தார்”. ஒருநாளும் மாறினதில்லை.

அவர் அப்பா முனுசாமி திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அம்மா தனபாக்கியம் களை எடுக்கப் போவார். அதை மறைக்கவும் மாட்டார், பெருமையடிக்கவும் மாட்டார். ஒரு தடவை சொன்னார்: “காலேஜுக்கு பஸ்ல போவேன் அண்ணே. மண்டி முன்னாடி பஸ்ஸு நிக்கும். எங்கப்பா மூட்டையோட நின்னுக்கினு பஸ்ஸுக்குள்ள என்ன தேடுவாரு. நான் தலைய குனிஞ்சிக்குவேன். கூட படிக்கிறவன் பாத்துடுவானேன்னு. அப்புறம் முதல் லீவுல போனேன் பாருங்க, யூனிபாரத்தோட நேரா மண்டிக்கே போனேன். அப்பா மூட்டைய எறக்கி வெச்சிட்டு சலாம் போட்டாரு. நானும் வெறப்பா நின்னு போட்டேன். மண்டியே கைதட்டிச்சு.”

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டார். குளிரில் எல்லாருக்கும் மூக்கு ஒழுகும். அதனால் நானும் ஒன்றும் கேட்கவில்லை.

பனிச்சரிவில் நடக்கும்போது ஒரு முறை உண்டு. ஒவ்வொருத்தன் இடுப்பிலும் நீளமான சிவப்புக் கயிறு ஒன்றைக் கட்டிப் பின்னால் தரையில் விட்டுவிடுவோம். ‘லால் டோரி’ என்று பெயர். பனி சரிந்து ஆள் புதைந்துபோனாலும் எடை இல்லாத அந்தக் கயிற்றின் ஏதாவது ஒரு முனை மேலே கிடக்கும். அதைப் பிடித்துக்கொண்டே போய்த் தோண்டினால் ஆள் இருப்பான். சாதாரணக் கயிறுதான். அதுதான் உயிர்.

அன்று காலை அடுத்த சாவடிக்குச் சாமான் கொண்டு போனோம். கிளம்புமுன் எல்லாருடைய கயிற்றையும் இழுத்துப் பார்ப்பது அவர் வழக்கம். புதிதாக வந்திருந்த ராஜபாளையத்துச் சிப்பாய் ஒருவனின் கயிறு நைந்து பாதியில் அறுந்துவிட்டது. மாற்றுக் கயிறு கையிருப்பில் இல்லை. கேட்டு அனுப்பியிருந்தோம், வரவில்லை. ஏழுமலை தன் இடுப்பிலிருந்ததை அவிழ்த்து அவனுக்குக் கட்டிவிட்டார்.

“சாப், உங்களுக்கு?” என்றேன்.

“நான்தான் முன்னாடி போறேன். முன்னாடி போறவன நீங்கள்லாம் பாத்துக்கினுதானே வருவீங்க?”

பாதிச் சரிவில் மேலேயிருந்து ஒரு சத்தம். திரும்பக்கூட நேரமில்லை. வாய் நிறைய பனி, கண்ணுக்கு இருட்டு, நெஞ்சின் மேல் மலை. எத்தனை நேரம் கிடந்தேனோ தெரியாது. முகத்தின் மேல் வெளிச்சம் வந்தபோது அவர் வெறுங்கையால் தோண்டிக்கொண்டிருந்தார். “அண்ணே, மூச்ச உடுங்க, மூச்ச உடுங்க” என்று கத்தினார். மற்றவர்கள் இருந்தும் முதல்முறையாக அண்ணே என்றார். என் கயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். என்னை இழுத்து மேட்டில் போட்டுவிட்டு, இன்னொரு சிவப்புக் கயிறு தெரிந்த இடத்துக்கு ஓடினார். அது அவருடைய கயிறு. அந்தச் சிப்பாயின் இடுப்பில் அவரே கட்டினது. அவனையும் தோண்டி எடுத்து மேலே தள்ளினார். மேலே நின்றவர்கள் அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது சரிவு வந்தது. கண் முன்னால் நின்றவர் இல்லை. வெள்ளை வெளேரென்று துடைத்துவிட்ட மாதிரி இருந்தது சரிவு.

எங்காவது ஒரு துண்டு சிவப்பு தெரியுமா என்று பார்த்தோம். எங்கிருந்து தெரியும்? நீளமான இரும்புக் கம்பிகளைப் பனியில் குத்திக் குத்தித் தேடினோம். எனக்கு விலா எலும்பில் அடி. படுத்துக்கொள் என்றார்கள். படுக்கவில்லை. நாட்கள் போயின. கடைசியில் ஒரு கம்பியில் தட்டுப்பட்டது. தூங்குகிற முகம் போலவே இருந்தார். அந்தச் சிப்பாய் பக்கத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நான் அழவில்லை. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஒரு கயிறு. ஒரு கயிறு அனுப்ப முடியவில்லை இந்தத் தேசத்தால். ‘தியாகம், தியாகம்’ என்று மைக்கில் கத்துகிற எவனைப் பார்த்தாலும் எனக்கு அந்தக் கயிறுதான் ஞாபகம் வரும்.

அந்தக் காலத்தில் எல்லா உடலும் ஊர் வந்து சேராது. அங்கேயே தகனம் செய்து அஸ்தியைத்தான் அனுப்புவார்கள். எங்கள் கமாண்டிங் ஆபீசர் பிடிவாதமாக நின்று உடலை அனுப்பினார். தமிழ் தெரிந்தவன், அந்தப் பக்கத்துக்காரன் என்று என்னைக் கூட அனுப்பினார்கள். பெட்டியோடு போகிறவனுக்கு விதிகள் உண்டு. பெட்டியைத் தனியாக விடக்கூடாது. பெட்டிக்கு முதுகு காட்டி உட்காரக்கூடாது. குடும்பத்திடம் ஒப்படைத்து, மண்ணுக்குள் போகும்வரை உன் அதிகாரி இன்னும் உன் அதிகாரிதான். மெட்ராஸ் விமான நிலையத்தில் ஒரு மேஜர் தலைமையில் மரியாதை செலுத்தும் அணி சேர்ந்துகொண்டது. மேஜர் வடக்கத்திக்காரர். அதிகம் பேசாதவர். பேசும்போதும் உதடு மட்டும்தான் அசையும். ஏழுமலையை அவர் பார்த்ததே இல்லை. ஆனால் வழியெல்லாம் லாரியின் முன்பக்கத்தில் உட்காராமல், பின்னால் பெட்டிக்குப் பக்கத்திலேயே எங்களோடு உட்கார்ந்து வந்தார்.

காலனி ரோட்டோரம். சுடுகாடு ஊருக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரைக்குக் கீழே. நடுவில் ஊர்த்தெரு. அம்மன் கோயில் அந்தத் தெருவில்தான். காலனியில் சாவு விழுந்தால் தெரு வழியாகப் போகக்கூடாது. வயல் வரப்பிலேயே சுற்றிக்கொண்டு தூக்கிப் போக வேண்டும். பங்குனி மாதம், நவரை நெல் நின்றது, வயலில் தண்ணீர். வரப்பில் ஒருத்தன் நடப்பதே கழைக்கூத்து.

வீட்டில் வைத்து அழுது முடித்து, பெட்டியை லாரியில் ஏற்றினோம். காலனிப் பெரியவர் ஒருத்தர் என்னைத் தனியே கூப்பிட்டார். “நாம வரப்பு வழியாவே தூக்கினு பூடலாம்யா. ஊர்ல காப்பு கட்டியிருக்காங்க. இன்னிக்கு தீமிதி. வம்பு வேணாம்.”

“காப்பு கட்டாதப்ப தெருவுல உடுவாங்களா?” என்றேன்.

“அப்பவும் உடமாட்டாங்க,” என்றார். “அது வேற.”

மூட்டை தூக்கிக் காய்த்த தோளோடு நின்றுகொண்டிருந்த முனுசாமி குறுக்கிட்டார். “சர்க்காரு வண்டி எந்த வழியா போவுதோ அந்த வழியா போவட்டும். எம்புள்ள சேத்துல போவ வேணாம்.”

லாரி தெருவுக்குள் நுழைந்தது. பின்னால் காலனி ஜனம். கோயிலுக்கு நேர் எதிரே ஒரு மாட்டுவண்டியைக் குறுக்கே இழுத்து நிறுத்தியிருந்தார்கள். மாடு இல்லை, நுகத்தடி தரையில் கிடந்தது. நாட்டாமை மஞ்சள் வேட்டியில், கையில் காப்புக் கயிற்றோடு வந்தார். கோயில் பந்தலில் தோரணம். பக்கத்தில் தீமிதிக்குக் குண்டம் வெட்டி விறகு அடுக்கியிருந்தது.

“மிலிட்டரிக்கு நாங்க எதிரி இல்லீங்க,” என்றார். “ஊரு கட்டுப்பாடு. கையில காப்பு கட்டிக்கினு இருக்கோம். இந்தக் கயித்துக்கு ஒரு மரியாத வேணும் இல்ல?”

“கயித்தப் பத்தி எங்கிட்ட பேசாத,” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிய நியாயமும் இல்லை.

மேஜர் இறங்கி வந்தார். என்ன பிரச்சினை என்று இந்தியில் கேட்டார். என் முப்பது வருட வேலையில் நான் செய்த கேவலமான காரியம் அந்த மொழிபெயர்ப்புதான். “இந்தத் தெருவில் இவர் உடல் போகக்கூடாது என்கிறார்கள் சாப்.”

“ஏன்? திருவிழா என்பதாலா?”

“இல்லை சாப். இவர் சாதி.”

மேஜர் என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். மேலே கொடி, கொடிமேல் ஏழுமலையின் தொப்பியும் பெல்ட்டும். “அதிகாரி என்று சொன்னாயா?”

“சொன்னேன் சாப்.”

அதற்குள் ஜீப்பில் தாசில்தார் வந்து சேர்ந்தார். நாட்டாமையோடு கொஞ்சம் குசுகுசுத்தார். பிறகு என்னிடம் வந்தார். “கொஞ்சம் அனுசரிச்சிப் போங்க சார். நீங்க இன்னிக்கு பூடுவீங்க. நாளைக்கு இங்க இருக்கறது நாங்க. அஸ்தியா வந்திருந்தா இந்த பேஜாரே இல்ல. ஒரு பையில போட்டு எட்துக்கினு போயிருக்கலாம்.”

அந்த ஆளை அறையாமல் விட்டதற்கு இன்றைக்கும் எனக்கு வருத்தம் உண்டு.

“வண்டிய திருப்புங்க,” என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். தெரு குறுகல். திருப்ப முடியாது. பின்னாலேயே எடுக்கலாம். டிரைவர் என் முகத்தைப் பார்த்தான். அப்போது முனுசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். நாட்டாமையைப் பார்த்துக் கைகூட கட்டவில்லை.

“எடுத்த பொணம் திரும்பக்கூடாது. இது உங்களுக்கும் தெரியும் எங்களுக்கும் தெரியும்.”

அது ஊருக்கும் காலனிக்கும் பொதுவான வழக்கம். வீட்டைவிட்டுக் கிளம்பின பிணம் வந்த வழி திரும்பக்கூடாது. திரும்பினால் இன்னொரு சாவைக் கூட்டிவரும் என்பார்கள். அதை மறுத்துப் பேச அங்கே ஒருத்தனுக்கும் துணிச்சல் இல்லை.

அந்த நேரத்தில்தான் எனக்கு மண்டையில் உறைத்தது. இந்த மூடர்கள் வண்டியை ஊர் எல்லையில் குறுக்கே போட்டிருந்தால் நாங்கள் வெளியே நின்று கத்தியிருப்போம், அவர்கள் தீ மிதித்திருப்பார்கள். பந்தாவுக்காகக் கோயில் வாசலிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். தெருவில் பிணம் கிடக்கும்வரை ஒரு வீட்டிலும் அடுப்பு மூட்டக்கூடாது. கோயில் நடை சாத்த வேண்டும். விளக்கு ஏற்றக்கூடாது. குண்டத்தில் நெருப்பு வைக்கக்கூடாது. ஊர்த்தெருவில் பிறந்தவன் நான். எனக்கு இது தாய்ப்பாலோடு வந்தது.

மேஜரிடம் போய்ச் சொன்னேன். “சாப், பெட்டியை இங்கேயே இறக்கி வைத்தால், எடுக்கும்வரை இவர்கள் சமைக்க முடியாது, சாமி கும்பிட முடியாது.”

“அது அவர்களுடைய விதியா?”

“அவர்களுடைய விதிதான் சாப்.”

“உதாரோ,” என்றார். இறக்கு.

இறக்கினோம். தெரு நடுவில் தார்ப்பாய் விரித்து, கோயிலுக்கு நேர் எதிரே பெட்டியை வைத்தோம். நான்கு மூலையிலும் நான்கு ஜவான்கள். துப்பாக்கி முனையைப் பூட்சின் மேல் ஊன்றி, தலை குனிந்து, துக்கக் காவல். மேஜர் பெட்டியின் தலைமாட்டில் போய் நின்றுகொண்டார். என்னைப் பார்த்து, “நமக்கு அவசரம் இல்லை என்று அவர்களிடம் சொல்” என்றார். சொன்னேன். அன்றைக்கு நான் செய்ததிலேயே ருசியான மொழிபெயர்ப்பு அது.

பூசாரி ஓடிப்போய் நடையைச் சாத்தினார். வெயில் ஏறியது. வெளியூர்ச் சம்பந்திகள், தீமிதி பார்க்க வந்தவர்கள், எல்லாரும் பந்தலில் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்கு வீடு குழந்தைகள் அழுதன. காலனி ஜனமும் பட்டினிதான். ஆனால் அவர்கள் பெட்டியைச் சுற்றி மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். அந்தத் தெருவில் அவர்கள் அதற்கு முன் உட்கார்ந்ததே இல்லை.

தாசில்தார் இரண்டு பக்கமும் ஓடினார். நாட்டாமை முதலில் கத்தினார், அப்புறம் முறைத்தார், அப்புறம் திண்ணைத் தூணில் சாய்ந்துவிட்டார். ஆண்கள் ஒருத்தரும் அசையவில்லை. கடைசியில் ஊர்த்தெருப் பெண் ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு வெளியே வந்து கையை நீட்டிப் போட்டாள் ஒரு சத்தம்.

“யோவ், உங்க வீறாப்புக்கு எங்க புள்ளைங்க வவுறு காயணுமா? அடுப்பு மூட்ட வழியில்ல, ஆத்தாளுக்கு வெளக்கு இல்ல. ஜல்தி அந்த வண்டிய இஸ்து உடுங்கய்யா! செத்தவன் இன்னா உங்க சொத்தையா கேட்டான்?”

இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். பூசாரி நாட்டாமையின் காதில் எதையோ சொன்னார். நாட்டாமை எழுந்து, முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு, “சரி, சட்டுனு போய்ச் சேருங்க. மேளம் வேணாம், சத்தம் வேணாம்” என்றார். வண்டியை அவர்களே இழுத்தார்கள்.

மேஜருக்குச் சொன்னேன். லாரி வேண்டாம் என்றார். பெட்டியைத் தோளில் ஏற்றச் சொன்னார். பிறகு கட்டளை கொடுத்தார்: ஸ்லோ மார்ச். ராணுவத்தில் அதைவிட மெதுவான நடை கிடையாது. ஒரு காலைத் தூக்கி, காற்றில் நிறுத்தி, அப்புறம்தான் வைக்க வேண்டும். எனக்கு விலாவில் குத்தல். பெட்டியின் முன்மூலை என் தோளில். அந்தத் தெருவின் ஒவ்வொரு வீட்டையும் தாண்ட எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரமும் எடுத்துக்கொண்டோம். ஒரு கிழவர் திண்ணையிலிருந்து எழுந்து தோள்துண்டை எடுத்துவிட்டார். அவர் ஒருத்தர்தான். பின்னால் தனபாக்கியம் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு, “ராசா, தெருவுல போறியே என் ராசா, தெருவுல போறியே” என்று அழுதுகொண்டே வந்தார்.

ஏரிக்கரைக்குக் கீழே மூன்று முறை துப்பாக்கி வெடித்தது. கொடியை மடித்துத் தாயின் கையில் கொடுத்தோம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. குழந்தையைத் தூக்குவதுபோல் தோளில் போட்டுக்கொண்டார்.

திரும்பும்போது அதே தெரு. மேஜர் இப்போது லாரியின் முன்பக்கம் உட்கார்ந்திருந்தார், நான் பக்கத்தில். தெரு முழுக்க ஈரம். மஞ்சள் தண்ணீர் குட்டை குட்டையாக நின்றது, வேப்பிலை மிதந்தது. நாங்கள் நடந்த தடம் ஒன்றுகூட இல்லை. குடத்தோடு நின்றவர்கள் எங்களைப் பார்த்ததும் சந்துக்குள் போனார்கள்.

“மழை பெய்ததா?” என்று கேட்டார் மேஜர்.

“ஆமாம் சாப்,” என்றேன்.

அவரை அப்படியே ஏமாற்றினேன். இன்னொரு தடவை மொழிபெயர்க்க என்னால் முடியவில்லை. லாரிச் சக்கரம் அந்தத் தண்ணீரைத் தெறித்துக்கொண்டு போன சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஓய்வு பெற்று வந்த பிறகு அந்த வீட்டுக்குப் போய் வருவதுண்டு. முனுசாமி போய்ச் சேர்ந்துவிட்டார். அவரை வரப்பு வழியாகத்தான் தூக்கினோம், நானும் ஒரு தோள் கொடுத்தேன். ராணுவம் இல்லை, மேஜர் இல்லை, துப்பாக்கி இல்லை. ஒருத்தர் கால் வழுக்கிச் சேற்றில் விழுந்தார். பாடை சாய்ந்தது. அதையும் இந்தக் கண்ணால் பார்த்தேன்.

இப்போது வளைவு. எங்கள் பெட்டியை எங்கே மறித்தார்களோ அதே தெருவின் வாயில் கான்கிரீட்டில் வளைவு. அதில் ஏழுமலை படம் வரைந்து, பக்கத்திலேயே நன்கொடை கொடுத்தவர்களின் படமும் இருக்கிறதாம். ‘எங்கள் ஊர் மாவீரன்’ என்று எழுதியிருக்கிறார்களாம். எங்கள் ஊர்! இறந்தவன் ஊர்க்காரனாக வேண்டுமென்றால் இத்தனை வருடம் ஆகும் போலிருக்கிறது.

வந்த ஐந்து பேரிடம் நான் கேட்ட கேள்வி இதுதான். “தனபாக்கியம் அம்மா இன்னும் இருக்காங்க இல்ல?”

“இருக்காங்கய்யா. அவங்க கையாலதான் திறப்பே. புடவ எடுத்து வெச்சிருக்கோம்.”

“அந்தம்மா செத்தா எந்த வழியா எடுப்பீங்க?”

நாட்டாமை மகன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தான். மற்றவர்கள் அவன் முகத்தைப் பார்த்தார்கள். “நல்ல காரியம் பேசிக்கினு இருக்கும்போது அதெல்லாம் எதுக்குங்கய்யா,” என்றான். பிறகு, “பழைய வழக்கம்னு ஒண்ணு இருக்கு இல்ல. அது அப்ப பாத்துக்கலாம்.”

மறுநாள் பஸ் பிடித்துப் போய் அந்த அம்மாவைப் பார்த்தேன். கண் சரியாகத் தெரியவில்லை. குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்தார். வளைவைப் பற்றிச் சொன்னேன்.

“சொன்னாங்க, சொன்னாங்க. பொடவ நல்லாத்தான் கீதாம்,” என்றார். என் கையைத் தடவிப் பிடித்தார். “எனக்கு வளைவும் வேணாம் ஒண்ணும் வேணாம்பா. என் ராசா போன தெருவுல என்னையும் எட்துக்கினு போவச் சொல்லு. அத மட்டும் கேட்டுச் சொல்லு. அவங்க அப்பாருக்குத்தான் இல்லாம பூடுச்சி.”

விழாவுக்கு வருகிறேன் என்று போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். சால்வை போடட்டும். மைக்கைக் கையில் கொடுக்கட்டும். பக்கத்தில் அந்த அம்மா உட்கார்ந்திருப்பார், எதிரே ஊர் முழுக்க இருக்கும். அதே கேள்வியைக் கேட்பேன். பதில் வராமல் மைக்கைக் கீழே வைக்க மாட்டேன். அவசரம் எனக்கு இல்லை. அந்த இடத்தில் நான் ஏற்கெனவே ஒருமுறை காத்திருந்தவன்தான்.